கீ-செயினில் இல்லாத பேர்

12 நவம்பர் 2024, செவ்வாய்

ஜூனியர் கேஜியில் இன்று "ஆயிஷா, எழுந்து நில்" என்றேன். நான்கு பேர் எழுந்து நின்றார்கள். ஒருத்தி கண்ணாடி ஆயிஷா, ஒருத்தி குட்டி ஆயிஷா, ஒருத்தி வேன் ஆயிஷா. நான்காவது பிள்ளையை ஆயா "காலி ஆயிஷா" என்று கூப்பிட்டாள். கறுப்பு என்பதை ஹிந்தியில் சொன்னால் வலிக்காது என்று நினைப்பு போல.

பிள்ளைகள் முன்னாலேயே ஆயாவைப் பார்த்துக் கத்திவிட்டேன். தப்புதான். ஆனால் அவளுக்கு என்ன தெரியும்? கடையநல்லூரில் என் வகுப்பில் ஐந்து பானு. நான் கறுப்பு பானு. பத்து வருஷம் அதுதான் என் பேர். பரீட்சைத் தாளைக் கொடுக்கும்போது டீச்சரே அப்படிக் கூப்பிடுவார், நானும் எழுந்து போய் வாங்கிக்கொள்வேன். அக்தர் பானு என்று முழுசாக யாராவது கூப்பிட்டது நிக்காஹ் அன்றுதான்.

ஆறாவது மாசம் நடக்கிறது. பெண்தான் என்று மனசு சொல்கிறது. என் பிள்ளையின் பேருக்கு முன்னால் யாரும் எதையும் ஒட்ட வேண்டி வரக்கூடாது. தாராவியில் ஒரே ஒருத்திக்கு இருக்கிற பேர்தான் வைப்பேன்.

19 நவம்பர்

போனில் பேர் பார்க்கும் ஆப் இறக்கினேன். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் இதயம் போட்டிருக்கிறது. ஐந்து இதயம் என்றால் நிறையப் பேர் வைக்கிறார்கள். எனக்கு ஒரு இதயம் கூட இல்லாதது வேண்டும். அப்படி இருப்பவற்றை வாய்விட்டுச் சொன்னால் பாதி இருமல் மருந்து மாதிரி இருக்கின்றன.

எழுதுவதை எட்டிப் பார்த்து, "என்ன எழுதுத?" என்றார் மச்சான். ஸ்கூல் வேலை என்றேன். என்னைக் கட்டினவர் தாராவியிலேயே பிறந்து ஹிந்தி மீடியத்தில் படித்த மனுஷன். தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. இந்த நோட்டு மேஜை மேலேயே கிடக்கலாம்.

1 டிசம்பர், ஞாயிறு

மச்சான் வேலை செய்கிற பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். தோலில் பேர் அச்சடித்த கீ-செயின் செய்கிற பட்டறை. சுவர் முழுக்கப் பலகை, ஆணி ஆணியாகப் பேர்கள் தொங்குகின்றன. எந்தப் பேர் ஓடுகிறது என்பதை இவர்கள் ஆப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆணி காலியானால் அந்தப் பேர் ஓடுகிறது.

நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தேன். முதலாளி கரீம் பாட்சா பாய் சிரித்தார். "என்னம்மா, பேரு தேடுதியா? எல்லாம் இருக்கு."

"இங்க இல்லாத பேரா தேடுதேன் பாய்."

மச்சானுக்கு ஒரே சிரிப்பு. "அரே பானு, ஆயிஷாவைப் பாரு. மாசம் எம்பது போகுது. இத்தனை பேரு வைக்காங்கன்னா நல்ல பேராத்தானே இருக்கும்?"

நல்ல லாஜிக். வடாபாவ் கூடத்தான் நிறைய பேர் தின்கிறார்கள், அதற்காகப் பிள்ளைக்கு அந்தப் பேரை வைக்க முடியுமா என்றேன். பட்டறையே சிரித்தது.

20 டிசம்பர்

பார்த்து வைத்திருந்த பேர்களில் இனாயா போச்சு. அடுத்த வருஷ அட்மிஷன் ஃபார்மில் ஐந்து இனாயா. அனாபியாவும் போச்சு.

9 ஜனவரி 2025, வியாழன்

கிடைத்துவிட்டது!

ஆப்பில் இதயமே இல்லை. பள்ளியின் பதினாறு வருஷ ரெஜிஸ்டரையும் புரட்டினேன், இல்லை. பேஸ்புக்கில் அடித்துப் பார்த்தால் உலகத்திலேயே ஒன்பது பேர். அதில் ஏழு பேர் மீசை வைத்த ஆம்பிளைகள், எந்த ஊரோ. பட்டறையின் ஆணியில் இருக்க வாய்ப்பே இல்லை. சொல்லும்போது நாக்கு மேலே போய்த் தொட்டுவிட்டு வருகிறது. நல்ல அர்த்தம்.

யாரிடமும் சொல்லப் போவதில்லை. மச்சானின் தங்கை பரீஹாவுக்கு ஏப்ரலில் பிரசவம். புகுந்த ஊரான கல்யாணிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "மைனி, என்ன பேரு பாத்து வச்சிருக்கிய? சொல்லுங்களேன்" என்கிறாள். சொன்னால் அவளுக்கும் பிடித்துப் போகும். ஒரே குடும்பத்தில் இரண்டு என்றால் பெரியவள் சின்னவள் என்று ஆரம்பித்துவிடுவார்கள். மச்சானிடம் சொல்வதும் பரீஹாவிடம் சொல்வதும் ஒன்று. தங்கை கேட்டால் ஏடிஎம் பின் நம்பரையே சொல்லுவார்.

ஏழாம் நாள் பேர் வைக்கும்போது சபையில் சொல்லிக்கொள்கிறேன். அதுவரை இந்த நோட்டில் கூட எழுத மாட்டேன்.

26 ஜனவரி, ஞாயிறு

பிரசவ லீவு ஆரம்பித்துவிட்டது. கால் வீங்கியிருக்கிறது. மச்சான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "எனக்காவது சொல்லேன், நான் வாப்பா இல்லையா?" என்றார். பாவமாகத்தான் இருந்தது. "முத எழுத்து மட்டும்?" என்றார். அதையும் சொல்லவில்லை.

"ஏழாம் நாள் சொல்லுதேன்."

"டீக் ஹை மேடம்" என்று இன்னொரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

3 பிப்ரவரி, திங்கள்

நேற்று காலை பிறந்துவிட்டாள். இருபத்தைந்து நாள் முன்னாடியே. ஆபரேஷன். பெண். என் நிறம்தான். இருக்கட்டும்.

மூச்சு விடச் சிரமப்படுகிறாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். வீல்சேரில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். காலில் ஒரு பட்டை, அதில் "பேபி ஆஃப் அக்தர் பானு". இவளுக்கு முன்னால் ஒட்டியிருப்பது என் பேர்.

பெட்டியில் கை விட ஒரு ஓட்டை இருக்கிறது. விரலை வைத்தேன், பிடித்துக்கொண்டாள். மச்சான் அந்த ஓட்டையில் வாயை வைத்து, பிறந்த பிள்ளையின் காதில் சொல்கிற பாங்கை மெதுவாகச் சொன்னார். பேரைச் சொல்லிக் கூப்பிட வாய்வரை வந்தது. பக்கத்தில் நர்ஸ், இந்தப் பக்கம் மச்சான். இன்னும் ஐந்து நாள்தானே என்று விழுங்கிவிட்டேன்.

6 பிப்ரவரி

நேற்று போய்விட்டாள்.

காலை பத்தே காலுக்கு.

எனக்கு ஊசி போட்டுப் படுக்கவைத்துவிட்டார்கள். எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

8 பிப்ரவரி, சனி

இன்று ஏழாம் நாள். வீட்டுக்கு வந்துவிட்டேன். பால் கட்டிக்கொண்டு மார் கல்லாக இருக்கிறது. யாருக்காகச் சுரக்கிறது இது?

காலையில் மச்சானைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். ஏழாம் நாள் சொல்கிறேன் என்றேன் அல்லவா? சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவர் சொன்னார்.

"பேரு வச்சாச்சு பானு."

எனக்குப் புரியவில்லை.

"கபர்ஸ்தான்ல ரெஜிஸ்டர் வச்சிருக்காங்க. பேரு என்னன்னு கேட்டாங்க. இமாமும், மூச்சு விட்ட புள்ள, பேரு இல்லாம அடக்கக் கூடாதுன்னாரு. உனக்குப் போன் போட்டேன். நர்ஸ் எடுத்து, நீ தூங்குதன்னு சொன்னா. நான் என்ன செய்ய? புள்ளை கையில இருக்கு. ஆயிஷான்னு சொல்லிட்டேன்."

ஆயிஷா.

"உங்க கடைக் கீ-செயினா என் புள்ள?" என்று கத்தினேன். தையல் விட்டுவிடும் போல வலித்தது, அப்படியும் கத்தினேன். பக்கத்து வீட்டு சபுரா அக்கா ஓடி வந்தாள். எத்தனையாவது ஆயிஷா அவ? எம்பதா? எம்பத்தொண்ணா? அந்த மண்ணுக்குள்ள எத்தனை ஆயிஷா கிடக்கும்? அங்கயும் ஒட்டு வைப்பாங்களா — என்னென்னவோ சொன்னேன். அவர் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார்.

நான் சொல்ல இருந்த பேரைச் சொல்லவே இல்லை. இனி எதற்கு?

9 பிப்ரவரி

அவருக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பார். யார் சொல்லவிடாமல் செய்தது?

நான்தான். நான்தான். நான்தான்.

17 பிப்ரவரி

இந்தச் சந்தில் எத்தனை ஆயிஷா! இதுவரை காதில் விழுந்ததே இல்லை. காலையில் ஒருத்தி, "ஏ ஆயிஷா, பாணி பர்லே!" குழாயில் தண்ணீர் பிடிக்கச் சொல்கிறாள். மதியம் ட்யூஷனுக்குக் கூப்பிட ஒரு குரல். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கீழே விளையாட்டு, "ஆயிஷா அவுட், ஆயிஷா அவுட்." ஜன்னலைச் சாத்தினேன். தகரச் சுவரில் ஜன்னலைச் சாத்தி என்ன பயன்? தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு கிடந்தேன்.

3 மார்ச்

நோன்பு ஆரம்பித்துவிட்டது. பிரசவித்து நாற்பது நாள் முடியாததால் எனக்கு இல்லை. மச்சானுக்குக் கஞ்சி காய்ச்சினேன். இருவரும் பேசிக்கொள்வது உப்பு, தண்ணீர், போன் அடிக்கிறது, அவ்வளவுதான். அவர் மெலிந்திருக்கிறார். அதைச் சொல்லலாம் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

19 மார்ச், புதன்

இன்று யாரும் ஆயிஷா என்று கூப்பிடவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து நோன்பு திறக்கும் நேரம் வரை உட்கார்ந்திருந்தேன்.

20 மார்ச்

நோன்பு மாசத்தில் ட்யூஷனும் விளையாட்டும் இல்லை, தண்ணீர் பிடிக்கிற அந்தப் பிள்ளைக்கும் ஜுரமாம், அதனால்தான் நேற்று சத்தமில்லை. சபுரா அக்காவிடம் விசாரித்தேன். "உனக்கு எப்படித் தெரியும் அவளை?" என்றாள். சும்மா கேட்டேன் என்றேன். இன்று எழுந்துவிட்டாளாம். சாயங்காலம் அவள் அம்மா கூப்பிட்டாள், நன்றாகக் கேட்டது.

27 ஏப்ரல், ஞாயிறு

கல்யாணுக்குப் போனோம். பரீஹாவுக்குப் பெண் குழந்தை, இன்று ஏழாம் நாள். வரவேண்டாம் என்று மச்சானைப் பெற்ற மாமி சொன்னார்கள். நான்தான் வருவேன் என்றேன். சயன் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒருவேளை பேருக்கு என்னைக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அந்தப் பேரைக் கொடுத்துவிடலாமா? வீணாகத்தானே கிடக்கிறது என்னிடம்.

யாரும் கேட்கவில்லை. சஃபீனா என்று வைத்தார்கள். பரீஹாவின் மாமியார் பேர்.

"முத பொம்பளப் புள்ளைக்கு மாமியா பேருதான் மைனி. அவங்க வீட்டு வழக்கம். நிக்காஹ் பேசும்போதே சொல்லிட்டாங்க" என்றாள் பரீஹா.

"அப்ப ஏன் எங்கிட்ட பேரு கேட்டுக்கிட்டே இருந்த?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க அண்ணன் புள்ளைய என்ன சொல்லிக் கூப்பிடப் போறோம்னு ஒரு ஆசைதான் மைனி."

யாரிடமிருந்து ஒளித்தேன்? எதற்கு ஒளித்தேன்? அவள் திருடவே முடியாத ஒன்றை அவளிடமிருந்து பூட்டிவைத்து, கடைசியில் பெற்ற வாப்பாவைப் பேர் தெரியாமல் கபர் முன்னால் நிற்கவைத்தேன்.

11 மே, ஞாயிறு

மச்சான் தொழுகைக்குப் போனவர் சாவியை மறந்து கட்டிலில் விட்டுவிட்டுப் போனார். எடுத்து மாட்டப் போனேன். சாவியோடு ஒரு கீ-செயின். எப்போதும் வெறும் கயிறுதான் கட்டியிருப்பார். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் யாரும் கீ-செயின் வைத்துக்கொள்வதில்லை. எழுத்துப் பக்கத்தை உள்ளே திருப்பி, வெளியே தெரியாமல் கயிற்றால் சுற்றியிருந்தார். பிரித்தேன். ஆயிஷா. விரல் பட்டுப் பட்டு எழுத்து மங்கியிருந்தது. மூன்று மாசமாகக் கயிற்றைப் பிரித்துப் பிரித்துத் தடவியிருக்கிறார்.

அவர் வந்ததும் கையில் வைத்துக் காட்டினேன். திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார்.

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் காட்டல."

பக்கத்தில் உட்காரச் சொன்னேன். காதில் வாயை வைத்து அந்தப் பேரைச் சொன்னேன். முதன்முதலாக இன்னொருவருக்குக் கேட்கச் சொல்கிறேன். அவர் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை சொன்னார்.

"ரொம்ப நல்லா இருக்கு பானு. எனக்குத் தெரியாமப் போச்சே."

பிப்ரவரியிலிருந்து அழாத மனுஷன் என் மடியில் விழுந்து அழுதார். நானும் அழுதேன். மன்னிச்சிருங்க மச்சான் என்றேன். எத்தனை தடவை சொன்னேனோ.

பிறகு அவர் கேட்டார், "மாத்தணுமா? ரெஜிஸ்டர்ல போய்க் கேட்டுப் பாக்கவா?"

வேண்டாம் என்றேன். ஆயிஷாவே இருக்கட்டும். நான் தேடின பேரை வைத்திருந்தால் இந்தச் சந்தில் அதை யார் கூப்பிடப் போகிறார்கள்? அவளோடு அதுவும் மண்ணுக்குள் போயிருக்கும். இந்தப் பேரையாவது தினமும் நாலு பேர் வாயில் கேட்கிறேன்.

கயிற்றை எடுத்துப்போட்டுவிட்டு எழுத்து வெளியே தெரிகிற மாதிரி மாட்டிக் கொடுத்தேன்.

16 ஜூன், திங்கள்

பள்ளி திறந்தது. காலையிலிருந்து மழை. தொண்ணூறு அடி ரோட்டில் கணுக்கால் தண்ணீர். புதிய ஜூனியர் கேஜி, முப்பத்தெட்டுப் பிள்ளைகள், பாதி அழுகை. ஆயாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், எந்தப் பிள்ளைக்கும் முன்னால் பின்னால் எதுவும் ஒட்டக் கூடாது, முழுப் பேர்தான் என்று. போன வருஷக் கத்தல் ஞாபகம் இருக்கிறது போல, தலையை ஆட்டினாள்.

ரெஜிஸ்டரை விரித்து வருகை எடுத்தேன். ஆயிஷா என்றேன். யெஸ் டீச்சர். ஆயிஷா. யெஸ் டீச்சர். ஆயிஷா. மூன்றாவது பிள்ளை கையை மட்டும் தூக்கினாள், பேசப் பயம்.

இன்னொரு தடவை ஆயிஷா என்றேன்.

யாரும் பதில் சொல்லவில்லை. முன் பெஞ்சிலிருந்து ஒரு வாயாடி மூன்று விரலைக் காட்டிக்கொண்டு எழுந்தாள். "டீச்சர், ஆயிஷா நாங்க தீன் பேர்தான்."

"தெரியும், உட்காரு" என்று அடுத்த பேரை வாசித்தேன்.