ஊன்றி உடைத்ததல்ல

பாலவனத்தம்,
16.11.1992

அன்பு மகள் ஜெயசெல்விக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம். சென்னையில் மழை விடவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். நனையாமல் விடுதிக்குப் போய்வா. இங்கே இரண்டு மழைதான். அதற்கே மல்லி முளைத்துவிட்டது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். என் தொடை எலும்பு முறிந்தபோது வைத்து, உடைந்ததும் எடுத்த பிளேட்டைச் சோதித்ததில், சேர்க்க வேண்டிய மாலிப்டினம் அதில் இல்லவே இல்லை என்று எழுதியிருந்தாய். அது இல்லாவிட்டால் உடம்பிலுள்ள உப்பு அந்த எஃகைப் புள்ளி புள்ளியாக அரிக்கும், அரித்த இடத்தில் கீறல் விழும் என்று நீ விளக்கியது புரிந்தது. ஒரே ஒரு பிளேட்டை வைத்துக் கம்பெனியைக் குற்றம் சொல்லாதே, அந்தப் பகுதியை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடு, இல்லையென்றால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று உன் பேராசிரியர் சொல்கிறார், என்ன செய்யட்டும் அப்பா என்று கேட்டிருந்தாய்.

பதில் எழுத எட்டு நாள் ஆனதற்குக் காரணம் உண்டு.

கடிதம் வந்த மூன்றாம் நாள் அந்தக் கம்பெனிக்காரர்கள் இருவர் காரில் வந்தார்கள். டாக்டர் சொன்ன மூன்று மாதத்துக்கு முன்பே நான் காலை ஊன்றி உழவுக்குப் போனதால்தான் பிளேட் உடைந்தது என்று டைப் அடித்த தாளை நீட்டினார்கள். மகளின் படிப்பு நல்லபடியாக முடிய வேண்டாமா என்றும் ஒருவர் கேட்டார். நான் வாய் திறக்கும் முன் உன் அம்மா சொன்னாள்: "அவுக மூணு மாசம் கட்டில விட்டு எறங்கல. அள்ளிப்போட்டது நானு, எனக்குத் தெரியாதா? காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க." தாளை மடித்து அவர்கள் பைக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

அவர்கள் போனபின் பேராசிரியர் சொன்ன அந்த ஒரே ஒரு பிளேட் என்ற பேச்சு மனதை அறுத்தது. என்னோடு ஒரே ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்துக் கிடந்தவர்களைத் தேடிப் பஸ் ஏறினேன். பாளையம்பட்டி மாரிச்சாமிக்கு ஒன்பதாம் மாதமே பிளேட் உடைந்திருக்கிறது. அவரிடமும் நீதான் ஊன்றினாய் என்று சொல்லியிருக்கிறார்கள். "ஏலே சவரி, நான்தான் தப்புப் பண்ணிட்டேன்னுல்ல இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். துண்டுகளைப் பவுடர் டப்பாவில் வைத்திருந்தார். கேட்டதும் கொடுத்துவிட்டார்.

திருச்சுழிக்குப் பக்கத்தில் சந்தனம்மாள் என்று ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. அவளுக்குப் பிளேட் இன்னும் காலுக்குள்தான் இருக்கிறது. தொடை வீங்கிச் சீழ் வடிகிறது. வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்கிறார்களாம் மாமியார் வீட்டில். நீ கண்டுபிடித்ததைச் சொன்னேன். "வலிக்கிதுன்னு சொன்னா யாருமே நம்பலய்யா" என்று மட்டும் சொல்லி அழுதாள்.

மாரிச்சாமியின் துண்டுகளை ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். யார் காலில் எப்போது வைத்தது என்று எழுதி, அவர் கைநாட்டும் வாங்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் சந்தனம்மாளை மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். எடுக்கிற பிளேட்டைக் கையில் வாங்காமல் திரும்பமாட்டேன். அப்போது மூன்று ஆகிவிடும்.

உன் பேராசிரியர் கையெழுத்துப் போடாவிட்டால் போகட்டும். வேறு பேராசிரியர், வேறு ஊர், இன்னும் நான்கு வருடம் என்றாலும் சரி. கல்யாணம் எப்போது என்று ஞாயிறு பூசை முடிந்ததும் உன் அத்தை கேட்டாள். மகள் வேலையாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. நீ அனுப்பிய பக்கத்தில் என்னை 'ஐம்பத்தாறு வயது விவசாயி' என்று மட்டும் போட்டிருக்கிறாய். பேரை வெளியிடாதது உங்கள் முறையாக இருக்கலாம். என் சம்மதத்தை இதிலேயே எழுதித் தருகிறேன். பாலவனத்தம் சவரியப்பன் என்று முழுசாகப் போடு. அவசரப்பட்டுக் காலைக் கெடுத்துக்கொண்டவன் என்று மூன்று வருடமாக ஊர் பேசுகிறது. தூக்கத்தில் காலை மடக்கிவிட்டேனோ என்று நானே நம்பி, உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். எழுதியதில் ஒரு எழுத்தையும் எடுக்காதே தாயி.

உன் அப்பா,
ம. சவரியப்பன்