ஒரே ஒரு பழுப்புக் காம்பு

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை நாற்றங்காலில் உன் தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடும்போது முதலில் கண்ணில் பட்டது ஓர் இலைக்காம்பு, சுற்றிலும் எல்லாம் மஞ்சள், அது மட்டும் பழுப்பு. நாங்கள் சுகம், நீ சுகமா என்று கேட்கச் சொல்கிறாள் அம்மா, அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், நடுவில் என்னுடையதும் வரும். அங்கே குளிராமே, காதை மூடிக்கிட்டுப் போறாளா, வேளைக்குச் சாப்பிடறாளா என்று ஒரே புலம்பல். போன வாரம் காய்ச்சலில் கிடந்த என்னிடம், உனக்கென்னடி, கண்ணெதிரே இருக்கே என்றாள். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம், பெரியவ தென்னை ஆராய்ச்சி பண்றா என்று தினமும் பெருமை. நானும் தென்னம்பண்ணையில்தான் வேலை பார்க்கிறேன், இவ சின்னவ என்று முடித்துவிடுகிறாள்.

நீ அனுப்பிய பழைய ஆராய்ச்சிக் கதையைப் படித்தேன். அந்தக் காலத்தில் நன்றாகக் காய்க்கும் தாய் மரமாகப் பார்த்து விதைக்காய் எடுத்து, பிள்ளைகளும் அப்படியே காய்க்கும் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தார்களாம், ஒன்று காய்த்ததாம், ஒன்று ஏமாற்றியதாம். மகரந்தம் எந்த மரத்தினுடையது என்று பார்த்து, வேறு மகரந்தம் படாமல் பாளைக்குப் பை கட்டி, குட்டை ரகத்தையும் நெட்டை ரகத்தையும் சேர்த்ததெல்லாம் பிறகுதானாம். நம் வீட்டுக்கு வந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும், ஒரே தாய், ஒரே அப்பாவும்கூட, நீ அங்கே, நான் இங்கே தண்ணீர்க் குழாயோடு.

முன்பு இங்கே வந்திருந்தபோது, குளிர்ப்பெட்டியில் நாளாகக் கிடந்த நெட்டை மகரந்தத்தை நீ மஞ்சள் குட்டை மரத்தில் தூவினாய், பை கட்டியது நான். ஆண் பூக்களை நீ முழுதாகக் கிள்ளவில்லை, மரம் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிட்டது, அதனால்தான் இத்தனை மஞ்சள்; காம்பு பழுப்பாக வந்தால்தான் நெட்டையோடு கலந்த கன்று. ஒரு பழுப்பாவது வந்தால்தான் அதிகாரி வேலையைத் தொடர விடுவார், இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாயே, அதிலிருந்து அம்மா உன் மெத்தையை வெயிலில் போடுகிறாள், என்னுடையது அப்படியே கிடக்கிறது. மஞ்சளையெல்லாம் பிடுங்கிப் போடும்மா என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். பழுப்பை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நீ தோற்று வந்து நிற்பாய் என்று நினைத்தபோது இனித்தது, பொய் சொல்லவில்லை. அந்தப் பழுப்பையும் பிடுங்கக் கை அதன் அடிவரை போனது.

நோய்நொடி இல்லாமல் இரு என்று அம்மா ஆசீர்வாதம் சொல்கிறாள், கம்பளியை மறக்காதே என்கிறாள்.

மஞ்சளையெல்லாம் பிடுங்கினேன். பழுப்புக் கன்றில் உன் பெயரெழுதிய தகட்டைக் கட்டினேன். அதன் கீழே, பை கட்டியவள் என்று என் பெயரையும் எழுதினேன்.

அம்மாவும்,
உன் சின்னவளும்