இரண்டு வருஷ டயர்

ஜூன் 3, செவ்வாய்

மழைக்காலம் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பாலத்துக்கு முன்னால் உள்ள வளைவில் வண்டி ஒரு கணம் என் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்டியரிங் கையில்தான் இருந்தது, வண்டி தன் இஷ்டத்துக்குப் போனது. ஒரு முழ தூரம்தான் வழுக்கியிருக்கும். பின் சீட்டில் சாய்ந்திருந்த மனைவி கண்ணைத் திறந்து, "என்னங்க, தூங்கிட்டீங்களா?" என்றாள். டயாலிசிஸ் முடிந்து வரும் நாளில் அவளுக்குப் பேசத் தெம்பிருக்காது. கிண்டல் பண்ண மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் அளவுகோலோடு குனிந்தேன். முன் டயர்களில் பள்ளம் 1.8 மில்லிமீட்டர், பின்னால் 2.1. புதிதில் எட்டு இருந்திருக்கும். வாரத்துக்கு மூன்று நாள், போக வர எண்பது கிலோமீட்டர், மூன்று வருஷம். தேயாமல் என்ன செய்யும்?

முப்பத்தோரு வருஷம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான். அடுத்தவன் தராசில் அரை கிராம் குறைந்தால் அங்கேயே பிடித்துவிடுவேன். சொந்த வண்டியின் டயர் மொட்டையானது கண்ணில் படவில்லை.

ஜூன் 5, வியாழன்

மழை. நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரனாலேயே திட்டினார்கள். அரை மணி தாமதமாகப் போனதில் நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஊசி குத்துவதற்கு முன் மனைவி வழக்கம்போல என் கையை இழுத்துத் தன் இடது முழங்கை மேல் வைத்துக்கொண்டாள். டயாலிசிஸுக்காக அங்கே இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தொட்டால் உள்ளே ரத்தம் ஓடி அதிர்வது தெரியும். அவள் அதற்குப் பூனை என்று பெயர் வைத்திருக்கிறாள். "இன்னைக்குப் பூனை குஷியா இருக்கு, பாருங்க."

ஜூன் 7, சனி

அவள் மெஷினில் இருந்தபோது டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்களாம். இதயம் ஆபரேஷனைத் தாங்காது. எவ்வளவு நாள் என்று கேட்டேன். "ஒரு வருஷம் இருக்கலாம். ரெண்டுன்னா நம்ம அதிர்ஷ்டம்."

இருக்கலாம். என் வேலையில் இந்தச் சொல்லைச் சொன்ன ஒருவனையும் நான் விட்டதில்லை.

திரும்பி வரும் வழியில், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். உப்பைக் குறைக்கச் சொன்னார் என்றேன். "அதைத்தான் மூணு வருஷமா சொல்றாரே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

டயர் கடை. வண்டியில் உட்கார்ந்து போகிறவள் தான்தான் என்று அவளும் கிளம்பிவிட்டாள். கடைக்காரர் பழக்கம் என்று மச்சினனும் தொற்றிக்கொண்டான். வாய் ஓயாதவன்.

கடைக்காரர் காதில் பென்சில் செருகிய பருத்த மனிதர். இரண்டு டயரைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். பக்கவாட்டில் ஒன்றில் 560, இன்னொன்றில் 280 என்று அச்சு. எண் பெரிதானால் தேய நாளாகுமாம்.

"இது கெட்டி ரப்பர் சார். நம்ம வெயிலுக்கு அஞ்சு வருஷம் அசையாது. ஆனா ஈரத்துல பிடிப்பு கம்மி, பாத்துத்தான் போகணும். அது இளகின ரப்பர். தண்ணிய வாரி வெளிய தள்ளிட்டு ரோட்டக் கவ்விக்கும். சூட்டுல சீக்கிரம் தேயும், ரெண்டு வருஷம்தான்."

வெயிலுக்கும் மழைக்கும் ஒரே டயராகக் கிடையாதா என்று கேட்டேன்.

"இருந்தா நான் ஏன் சார் இங்க உக்காந்து பேசிட்டிருக்கேன்?"

மச்சினன் சிரித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து என் மனைவி சொன்னாள்: "ரெண்டு வருஷம் போதும்."

கத்தரிக்காய் அரைக் கிலோ போதும் என்பது மாதிரி சொன்னாள். மச்சினனின் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. யார் சொன்னது இவளுக்கு?

"எதுக்குப் போதும்? அஞ்சு வருஷ டயரையே போடுங்க" என்றேன். கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறேன்.

560 என்ற அந்த எண்ணை வாங்கிவிட்டால் அவளுக்கும் ஐந்து வருஷம் கிடைத்துவிடும் என்று நினைத்தேனா? நினைத்தேன். என் நோட்டில் எனக்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

ஜூன் 12, வியாழன்

நல்ல வெயில். வண்டி ரயில் மாதிரி நேராகப் போனது. மாலை அளந்தேன், 8.0. மூன்று நாளாகக் கூட்டல் கழித்தல் இல்லை. அவளிடம் போய்ச் சொன்னேன். "டயருக்குக் கல்யாண வயசு வந்ததும் சொல்லுங்க" என்று புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது.

போகும்போது கொட்டும் மழை. அதே வளைவு. ஐம்பதில் போனேன் — ஏன் ஐம்பது? மொட்டை டயரில் நாற்பதில் போனவன்தானே? புது டயர், எட்டு மில்லி, இனி என்ன என்ற திமிர். கடைக்காரர் பார்த்துப் போகச் சொன்னார். காதில் ஏறவில்லை. பிரேக்கைத் தொட்டேன், வண்டி பம்பரமாகத் திரும்பிப் பாலத்துச் சுவரில் இடது பக்கமாக மோதியது.

அவள் இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். கை கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் நசுங்கிவிட்டது. ரத்தம் இல்லை, எலும்பு முறியவில்லை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. கடவுளே, ஒரு கீறல்கூட இல்லையே எனக்கு.

அவள் வலது கையால் இடது முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டாள். "பூனை போயிடுச்சுங்க" என்றாள்.

ஜூன் 26, வியாழன்

கையில் தைத்த ரத்தக் குழாய் அடைத்துவிட்டது. திறக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. இன்னொரு கையில் தைக்கும் அளவுக்கு இதயத்தில் பலம் இல்லை. கழுத்தில் ஒரு டியூப் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகக் கிருமி நுழையலாமாம், ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். நர்ஸ் சொல்லிக்கொண்டே போனாள், நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

"அத்தான், மழை பெஞ்சா யாருக்கும் நடக்கறதுதான்" என்றான் மச்சினன். அவன் பேசாமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 30, திங்கள்

தனியாகப் போய் நான்கையும் கழற்றிவிட்டு இளகின ரப்பரைப் போட்டேன். கடைக்காரர் வண்டியின் இடது பக்கத்தைப் பார்த்தார், பென்சிலை எடுத்து மறுபடி காதில் செருகினார்.

கழற்றியதை வீட்டுக்குக் கொண்டுவந்து வண்டிக் கொட்டகையில் அடுக்கினேன். அவள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு வருஷ டயர் உங்களுக்கு இருக்கட்டும்" என்றாள். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே எனக்கு என்று சொல்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மழை. வளைவு வந்ததும் முப்பத்தைந்துக்குக் குறைத்தேன். வண்டி ஒட்டிக்கொண்டு திரும்பியது.

"பிடிக்குதுங்க" என்றாள் பின்னாலிருந்து.

பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்திக் கேட்டே விட்டேன், எப்படித் தெரிந்தது என்று. "உப்பைக் குறைக்கச் சொன்னார்னு சொன்னீங்களே, அப்பவே. முப்பது வருஷமா பொய்த் தராசப் புடிச்சவருக்கு ஒரு பொய் ஒழுங்கா சொல்ல வரல."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னேனே. ரெண்டு வருஷம் போதும்னு."

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவள் அழவில்லை. மெஷினுக்கு நேரமாகிறது என்று என் தோளைத் தட்டினாள்.

ஜூலை 26, சனி

7.8 மில்லி. அளந்ததை அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மெஷினில் இருக்கும்போதே குளிர், நடுக்கம். டியூபில் கிருமி. அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கழுத்து டியூப் இல்லாமல் பழைய கையாக இருந்திருந்தால் இது வந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கண் திறந்தாள். மழையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "மெதுவாப் போங்க வீட்டுக்கு."

ஆகஸ்ட் 28, வியாழன்

அவள் போய் நான்கு நாள். காலை ஏழு மணிக்குக் குளித்து, சட்டை மாட்டி, வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். மச்சினன் வந்து கதவைச் சாத்திவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போனான். அவனுக்கு அவள் ஒரே அக்கா.

செப்டம்பர் 16, செவ்வாய்

மழை. எங்கும் போகவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வண்டியை விற்றாகிவிட்டது. மச்சினன்தான் ஆள் பிடித்தான். ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும். அவர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து டயரின் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"டயர் புதுசா இருக்கே சார். எத்தனை வருஷம் வரும்?"

ரெண்டு வருஷம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அன்று கடையில் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். கொட்டகையில் அடுக்கியிருந்ததைக் காட்டி, அது எத்தனை வருஷம் என்றார். ஐந்து வருஷம் என்றேன், கேட்டதற்குப் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"அதையே மாட்டிக் குடுத்துடுங்களேன்."

வண்டியில் யார் போவார்கள் என்று கேட்டேன். தன் மனைவியைக் காட்டினார். அந்தப் பெண்தான் மழையானாலும் வெயிலானாலும் குழந்தையைப் பள்ளிக்குக் கூட்டிப்போவாளாம்.

"அப்போ போட்டிருக்கறதே இருக்கட்டும். கொட்டகையில இருக்கறது மழையில நிக்காது. உங்களுக்கு ரெண்டு வருஷம் போதும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. மச்சினன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வாத்தியார் யோசித்தார், மனைவியைப் பார்த்தார், சரி என்றார். வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன்.

கொட்டகையில் இப்போது அந்த நான்கு டயர்கள் மட்டும் இருக்கின்றன.

காலையில் வண்டியைக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை அளந்து வைத்தேன். 7.6. அவளோடு ஓடித் தேய்ந்தது அரை மில்லிகூட இல்லை.