கேட்டதுக்கு மட்டும் மறுமொழி

19 ஜூன் 2008, வியாழன்

இன்றைக்கும் அணைந்தது. பின்னேரம் கையுறைப் பெட்டிகளின் கணக்கை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பெரிய கொம்பியூட்டர் தானாக அணைந்து தானாக எழும்பியது. பாதிக் கணக்கு போய்விட்டது. திரும்பவும் முதலிலிருந்து அடித்தேன். என்ன பாவம் செய்தேனோ.

கண்டிக்குப் பக்கத்தில், பொல்கொல்லையில் பஸ்ஸுக்குள் குண்டு வெடித்தது இந்த மாதத் தொடக்கத்தில். இந்தக் கோளாறு தொடங்கியது அதற்கு அடுத்த கிழமை. பல்லேகலையில் இந்தக் கையுறைத் தொழிற்சாலையின் கொம்பியூட்டர் அறைக்குப் பொறுப்பு நான். ஒஃபிஸ் பக்கத்தில் இருக்கிற ஒரே தமிழ் ஆளும் நான். இரண்டையும் கூட்டிப் பார்க்க ஒருவருக்கும் அதிக நேரம் பிடிக்கவில்லை.

மனேஜர் என் முகத்தைப் பாராமல் கேட்டார், அந்த அறையைப் பூட்டித் திறக்கிற திறப்பு உங்களிடம் மட்டும்தானே இருக்கிறது என்று. ஓம், ஏழு வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது. ஏழு வருஷமாகக் கேட்காத கேள்வி.

20 ஜூன், வெள்ளி

செக்கியூரிட்டிக்குப் பொறுப்பானவர் ஆமியில் இருந்து ஓய்வுபெற்றவர். இன்றைக்குக் கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பின்னால் இருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அணைந்தது. இனியாவது விளங்கும் என்று நினைத்தேன். இல்லை. உள்ளே நேரம் குறித்து ஏதோ வைத்திருக்கிறாள் என்று மனேஜரிடம் சொன்னாராம்.

போன செவ்வாய் காய்ச்சல் என்று லீவு எடுத்தேன். அன்றும் அணைந்தது. அது வைத்துவிட்டுப் போனதாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வெளியே வந்தால் வேலி நெடுகப் புதிதாகப் போட்ட பெரிய விளக்குகள். கண் கூசிப் படியில் தடக்குப்பட்டேன். அதற்கும் காவல்காரன் ஓடி வந்து பையைத் திறக்கச் சொன்னான்.

21 ஜூன், சனி

அரை நாள் வேலை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அஸீமின் இன்ரநெற் கடைக்குப் போனேன். தொழிற்சாலைக் கொம்பியூட்டரில் தேடினால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள்.

"ஐ.சி. நம்பர் எழுதணும் மிஸ்" என்றான் அஸீம். "போலீஸ்ல சொல்லியிருக்காங்க. கோவிக்க வாணாம்."

அவன் என்ன செய்வான். தொழிற்சாலை வாசலில் ஒரு தரம், தென்னக்கும்புரப் பாலத்தடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி ஒரு தரம், இங்கே ஒரு தரம். அடையாள அட்டையைத் தாலியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

கொம்பியூட்டர் கோளாறுகளுக்கு உதவி கேட்கிற ஒரு குழுவில் கேள்வியைப் போட்டேன். "முதலில் தேடிப் பார்த்துவிட்டு வா" என்று ஒருவன் விழுந்தான். இன்னொருவன் பல்லைக் காட்டுகிற முகம் ஒன்று போட்டான். நல்லது ராசா. இஞ்சையும் எனக்கு இதுதானோ?

எழும்பப் போனேன். காசு கொடுத்த நேரம் மிச்சம் இருந்ததால் இன்னொரு குழுவைத் திறந்தேன். அங்கே மேலேயே ஒரு விதி: புதியவரை முதலில் வரவேற்க வேண்டும், பிறகுதான் மறுமொழி. எனக்கு ஒரு புனைபெயர் கேட்டது. அஸீமின் மேசையில் தேத்தண்ணிக் கேத்தல் இருந்தது. 'கேத்தல்' என்று போட்டேன். ஊர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் எழுதினார். அவருடைய புனைபெயரைத் தமிழில் சொன்னால் 'பழைய ஆணி'. "வா கேத்தல், கதிரையை இழுத்துப் போட்டு இரு. என்ன நடந்தது, ஆறுதலாகச் சொல்."

நேற்றும் ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டார். இது வேறு மாதிரி இருந்தது.

28 ஜூன், சனி

பழைய ஆணி போன கிழமை நான்கு கேள்வி கேட்டிருந்தார். மூன்றுக்கு ஒழுங்காக எழுதினேன். நான்காவது: "கோளாறு தொடங்கிய நாட்களில் அந்தக் கட்டடத்தில் புதிதாக என்ன மாறியது?"

"ஒன்றும் மாறவில்லை" என்று எழுதினேன்.

வேறு என்ன எழுத? குண்டுக்குப் பிறகு காவலை இரட்டித்தார்கள், கமரா பூட்டினார்கள், வேலிக்கு விளக்குப் போட்டார்கள் என்றா? தொழிற்சாலையின் காவல் ஏற்பாட்டை இணையத்தில் எழுதிய யாழ்ப்பாணத்துப் பெண் என்று பத்திரிகையில் என் படம் வரும். வெளியில் நடக்கிறதுக்கும் என் அறைக்குள் இருக்கிற பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் ஒரு திணைக்களத்தில் கிளாக்கர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் இதே கண்டித் தெருவில் உயிர் தப்பியவர். "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். கூட ஒரு சொல்லும் சொல்லாதையும்" என்றார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இதே மந்திரம். பொலிஸுக்குச் சொல்லலாம். பழுது பார்க்கிறவனுக்குமா?

2 ஜூலை

மழை இருட்டு. வழமையாக ஆறு மணி கழிந்து அணைவது இன்றைக்கு ஐந்து மணிக்கே அணைந்தது. கொம்பியூட்டருக்குக்கூட என்னைக் கண்டால் இளக்காரம்.

5 ஜூலை, சனி

அவர்கள் சொன்னதை எல்லாம் செய்துவிட்டேன். தூசி தட்டினேன். மெமரியை மாற்றினேன். வைரஸ் தேடினேன். கரண்ட் போனாலும் கொம்பியூட்டரைத் தாங்குகிற பற்றரிப் பெட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்கள், பச்சை விளக்கு எரிகிறது என்றேன். ஒன்றும் சரிவரவில்லை. இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி தன் மகனின் பிறந்தநாளுக்குக் கேக் வேகும் நேரத்தில் எனக்கு எழுதுகிறாளாம். எனக்கு ஏன் எழுதுகிறாள்? நான் யார் அவளுக்கு?

மனேஜர் நேற்றுக் கூப்பிட்டார். மாத முடிவுக்குள் சரிவராவிட்டால் பொலிஸுக்கு எழுதிக் கொடுக்க வேண்டிவரும் என்றார். தனக்கு விருப்பமில்லையாம், மேலிடம் கேட்கிறதாம்.

பயமாக இருக்கிறது. கொண்டுபோனால் எங்கே கொண்டுபோவார்கள், எப்போது விடுவார்கள்? ஆரைக் கேக்கிறது? பக்கத்து வீட்டு இரத்தினம்மாவின் மருமகன் விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கொண்டுபோன ஆள், தையிலிருந்து பூசாத் தடுப்பு முகாமில் இருக்கிறான்.

12 ஜூலை, சனி

பழைய ஆணி எழுதியிருந்ததை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். "கேத்தல், கோபிக்காதே. உன் மறுமொழிகள் பொலிஸ் நிலையத்தில் இருக்கிற ஒருவரின் மறுமொழி போல இருக்கின்றன. கேட்டதற்கு மட்டும், அதுவும் பாதி. இங்கே உன்னை யாரும் பிடித்துவைக்கப் போவதில்லை. எல்லாவற்றையும் சொல். தேவையில்லாததை நாங்கள் கழித்துக்கொள்கிறோம்."

எனக்கு ஆத்திரம் வந்தது. சொகுசான நாட்டில் இருந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்ல இவர் யார்? உமக்கென்ன தெரியும் ஐயா? ஐ.சி. காட்டைக் குடுத்திட்டு நெஞ்சு பதகளிக்க நிண்டு பாரும் ஒரு நாளைக்கு! இதைத்தான் முதலில் அடித்தேன். பிறகு அழித்தேன். அழித்துவிட்டு முழுவதையும் எழுதினேன். காவல், கமரா, வேலி விளக்கு. இருட்டினதும் காவல்காரன் விளக்கைப் போடுவதும், மழை இருட்டிய நாளில் கொம்பியூட்டர் நேரத்தோடு அணைந்ததும் எழுதினேன். ஊர் மட்டும் எழுதவில்லை. அதோடு, எனக்கு மாத முடிவு வரைதான் நேரம் என்பதையும் எழுதினேன்.

அஸீம் எட்டிப் பார்த்தான். "என்னா மிஸ், அழுறீங்களா?"

"இல்லை. தடிமன். மூக்கு ஓடுது."

அடைக்கப்போகும் நேரம் மறுமொழி வந்தது. "விளக்குகள்! மழை இருட்டில் நேரத்தோடு அணைந்தது என்றாயே. அவை எந்த வயரில் இருந்து போகின்றன? நீ ஒன்று செய். பற்றரிப் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிப் பார். பச்சை விளக்கை நம்பாதே."

14 ஜூலை, திங்கள்

காலையில் ஆட்கள் வரும் முன்பே கழற்றினேன். கொம்பியூட்டர் அந்தக் கணமே செத்தது. பச்சை விளக்கை எரிய விட்டுக்கொண்டு பற்றரி எப்போதோ செத்திருக்கிறது. எலெக்ட்ரீசியன் கறுப்பையாவைக் கூட்டிவந்து சுவர்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். வேலி விளக்குகளுக்கு என் அறை வயரிலிருந்துதான் லைன் இழுத்திருந்தார்கள்.

"அவசரத்துல வெளியாளுங்க வந்து போட்டாங்க மிஸ்" என்றான் கறுப்பையா. "நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

விளக்கைப் போடும்போது கரண்ட் ஒரு நொடி இறங்குகிறது. பெட்டி அணைகிறது. இவ்வளவுதான். ஒரு மாதமாக நான் செத்துப் பிழைத்தது இதற்குத்தான்.

மனேஜரையும் செக்கியூரிட்டிப் பெரியவரையும் கூப்பிட்டு வைத்து, விளக்கைப் போடச் சொன்னேன். அணைந்தது. மறுபடி போடச் சொன்னேன். மறுபடி அணைந்தது. மனேஜர் பெரிதாகச் சிரித்தார். மன்னியுங்கள் என்று ஒரு 'சொறி' இல்லை.

பெரியவர் சிரிக்கவில்லை. "விளக்குப் போடுகிற நேரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

என்னத்தைச் சொல்ல. கண் இருக்கிறது, தெரியும்.

"வெளியில் யாரிடமாவது சொன்னீர்களா?"

"இல்லை" என்றேன். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி.

18 ஜூலை

புதுப் பற்றரி வந்தது. விளக்குக்குத் தனி லைன் போட்டார்கள். கொம்பியூட்டர் அணையவில்லை. அறைத் திறப்பை வாங்கிக்கொண்டார்கள். இனி காலையும் பின்னேரமும் செக்கியூரிட்டியிடம் கையெழுத்துப் போட்டுத் திறப்பு வாங்க வேண்டும். எனக்கு மட்டும்.

19 ஜூலை, சனி

குழுவின் வழக்கப்படி கேள்விக்கு மேலே 'தீர்ந்தது' என்று போட்டு, எப்படித் தீர்ந்தது என்பதையும் எழுதினேன். ஆளுக்கொரு வாழ்த்து எழுதினார்கள். கேக் சுட்டவள் எனக்காகக் கடவுளைக் கும்பிட்டதாக எழுதியிருந்தாள். ஏழு வருஷம் ஒன்றாகச் சோறு தின்றவர்கள் ஒரு மாதமாக என் மேசைக்கு வரவில்லை. இவர்களோ என் முகம்கூடத் தெரியாதவர்கள்.

9 ஓகஸ்ட், சனி

பெரஹெரா ஊர்வலத்துக்குத் தெருவை மூடிவிட்டார்கள். சுற்றி நடந்து அஸீமின் கடைக்குப் போனேன். வீட்டுக்கு வரச் சுணங்கிவிட்டது. இவருக்குக் கோபம்.

"உம்மட அலுவல் முடிஞ்சுதுதானே? பிறகேன் இன்னும் அங்கை போறீர்?"

"அங்கை ஒருத்தரும் நான் ஆரெண்டு கேக்கேல்லை. என்ன கரைச்சல் எண்டுதான் கேட்டவை."

இவர் சோற்றைப் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டார்.

23 ஓகஸ்ட், சனி

குழுவில் இன்றைக்குப் புதிதாக ஒருவர். ஆணோ பெண்ணோ தெரியவில்லை. ஊர்க் கட்டம் வெறுமை. பள்ளிக்கூடம் ஒன்றின் கொம்பியூட்டர் வேலை செய்யவில்லையாம். ஒருவர் கேட்டார், என்ன மாறியது என்று. "ஒன்றும் மாறவில்லை" என்று மறுமொழி. இன்னொருவர் கேட்டார், எப்போதிருந்து என்று. "போன மாதம்." அவ்வளவுதான். மற்றவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அந்த 'ஒன்றும் மாறவில்லை'யைத் திரும்பவும் வாசித்தேன். பிறகு எழுதினேன்:

"வாரும், கதிரையை இழுத்துப் போட்டு இரும். உமக்குச் சொல்லக் கஷ்டமாக இருக்கும். நான் முதலில் சொல்கிறேன். என் பெயர் மங்களேஸ்வரி. நான் இலங்கையில், கண்டியில் இருக்கிற ஒரு தமிழ்ப் பெண்."