தவமணி அக்காவின் தேநீர்

12 ஓகஸ்ட், செவ்வாய்

சோளகக் காற்று. அலுவலக மேசை முழுக்கப் புழுதி. நல்லூர்த் திருவிழா முடியும்வரை வீட்டில் மீன் மச்சம் இல்லை. இன்றும் கத்தரிக்காய்.

வெள்ளிக்கிழமை நிதி தந்த நிறுவனத்திலிருந்து ஒரு வெளிநாட்டு அம்மையார் வருகிறார். தெல்லிப்பழைக்கு வடக்கே, மீளக் குடியேறிய ஊரில் நாங்கள் வெட்டிக் கொடுத்த கிணற்றைப் பார்க்க. மொழிபெயர்ப்பு நான்.

பின்னேரம் எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் சேருடன் இடம் பார்க்கப் போனேன். கிணறு தவமணி அக்காவின் வளவில், ஐந்து வீட்டுக்குப் பொது. ஒரு வாய் குடித்தேன். உவர்.

கோடையில் வற்றக்கூடாது என்று ஆழம் கூட்டி வெட்டினார்களாம். உப்பு ஏறிவிட்டது. "தலை தோயக்கூட ஏலாது பிள்ளை, மயிர் தும்பாப் போகுது" என்றார் அக்கா. குடிக்கக் கோயில் கிணற்றுத் தண்ணீர், சைக்கிளில்.

சேர் கேட்காதவர் போலக் கப்பியைச் சுற்றிப் பார்த்தார்.

13, புதன்

வாங்க: பேனை. அம்மாவின் பிரஷர் குளிசை. செருப்பு தைக்கக் கொடுக்க.

சேர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். கோபம் இல்லை. பட்டம் எடுத்து இரண்டு வருடம் சும்மா இருந்த எனக்கு வேலை தந்தவர். கிணறு பிழை என்று தெரிந்தால் அடுத்த கட்ட நிதி நின்றுவிடும், அதே ஊரில் கழிப்பறை இல்லாத வீடுகள் இருக்கின்றன, பார்த்து மொழிபெயர் என்றார்.

"உம்மடை மனச்சாட்சியாலை அதுகளுக்கு ஒரு கக்கூஸ் கட்டேலுமோ?"

கட்ட முடியாது.

என் ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முடிவு: அக்கா சொல்வதைச் சொல்வேன். கூட்டாமல், குறைக்காமல். சுத்தமான விதி. அவர் உப்பு என்பார், நானும் உப்பு என்பேன். குற்றம் யாருடையதும் அல்ல.

14, வியாழன்

சுன்னாகம் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பெண்கள். "உவன் வெங்காயமோ விக்கிறான், தங்கமோ?" சிரித்தேன். இந்த வாரத்தில் முதல் தரம்.

சாரதி குகன் அண்ணை சொன்னார்: காலையில் சேர் அக்காவிடம் போயிருக்கிறார். தண்ணீர் நல்லது என்று சொன்னால்தான் கழிப்பறை வரும் என்று சொல்லி, தேநீருக்குக் கடைத் தண்ணீர் ஒரு கானும் இறக்கிவிட்டு. அக்கா தலையாட்டினாராம்.

ஆக, நாளை அவர் நல்லது என்பார். நானும் நல்லது என்பேன். விதி உடையாது. பொய்யும் போய்ச் சேரும்.



15, வெள்ளி

வெயில். வேம்பின் கீழ் பிளாஸ்டிக் கதிரைகள். அம்மையாருக்கு அறுபது இருக்கும், வைக்கோல் தொப்பி, 'வணக்கம்' பழகி வந்திருந்தார்.

தண்ணீர் எப்படி என்று கேட்டார்.

"நல்லது" என்றார் அக்கா, நிலத்தைப் பார்த்து.

மொழிபெயர்த்தேன். ஒரே சொல்.

பிறகு பால் விடாத பிளேன்ரீ. முதல் கோப்பை அம்மையாருக்கு. ஒரு மிடறு. நின்றார். மரியாதைக்கு இன்னொரு மிடறு. குசினிக் கதவுக்குள்ளே சேர் இறக்கிய தண்ணீர்க் கான் தெரிந்தது. மூடி உடைக்கவில்லை.

இங்கே தேநீருக்கு உப்பா போடுவீர்கள் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

சேர் சிரித்த முகம் மாறாமல், தமிழில்: "கை தவறி உப்புப் போட்டிட்டா எண்டு சொல்லும்."

அக்கா தட்டத்துடன் நின்றார். சேரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "என்னவாம் பிள்ளை?"

அம்மையார் கேட்டதைச் சொன்னேன்.

"நான் சீனி மட்டும்தான் போட்டனான்."

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இது இந்தக் கிணற்றுத் தண்ணீர் என்றேன், அக்கா சொல்லாததை.

அம்மையார் எழுந்து கிணற்றடிக்குப் போனார். தானே வாளியை விட்டு அள்ளி, நக்கிப் பார்த்தார். குறிப்பு எதுவும் எழுதவில்லை. சேரின் கோப்பை தொடாமல் கிடந்தது.

படலையில் அக்கா என் கையைப் பிடித்தார். "இனிக் கக்கூஸ் வருமோ பிள்ளை?"

தெரியாது என்றேன்.



18, திங்கள்

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம். ஒப்பந்தம் பற்றிச் சத்தம் இல்லை. அம்மையாரிடமிருந்தும் இல்லை.

அக்கா கானைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், மூடி உடைக்காமல். குகன் அண்ணை என் மேசைக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தார். எல்லாரும் வந்து குடிக்கிறார்கள்.

சேரும் வந்தார். ஒரு கிளாஸ் நிரப்பினார். என்னைப் பார்க்காமல், நின்றபடியே, முழுவதையும் குடித்தார்.