ஆடிப் பிறப்பு மருதாணி

ஜூன் 10, செவ்வாய்

கையுறை போட மறந்து ஃபிரிட்ஜிலிருந்து மாவுச் சட்டியை எடுத்துவிட்டேன். விரல் நுனியில் ஷாக் அடித்த மாதிரி ஓர் இழுப்பு. சட்டி கீழே, மாவு தரையெல்லாம். டிரிப் ஏற்றிய பிறகு கொஞ்ச நாளைக்குக் குளிர்ந்த எதையும் தொடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்கள். குழாய்த் தண்ணீர் கூசுகிறது, கதவுத் தாழ்ப்பாள் கூசுகிறது. பம்பாய் மழைக்காலத்தில் எதைத்தான் தொடுவது?

செல்வி ஸ்கூல் யூனிஃபார்மோடு உட்கார்ந்து தரையைத் துடைத்தாள். "மம்மி, நீ சும்மா பைட்டோ ந, ப்ளீஸ்." பத்தாவது படிக்கிற பெண்ணிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

குடலில் இருந்த கட்டியை மார்ச்சிலேயே எடுத்தாகிவிட்டது. மிச்சம் மீதி எங்காவது ஒளிந்திருந்தால் அதைக் கொல்லத்தான் இந்த மருந்து. ஒரு நாள் டிரிப், பிறகு இரண்டு வாரம் காலையும் இரவும் சாப்பிட்ட கையோடு மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. இப்படி எட்டுச் சுற்று. இது மூன்றாவது. எட்டையும் குறையில்லாமல் முடித்தால் பிழைத்தேன். அப்படித்தான் மனதில் போட்டு வைத்திருக்கிறேன்.

பார்லரை சாயிரா பார்த்துக்கொள்கிறாள். தாராவியில் இந்தச் சந்துக்குள் எட்டடிக்கு எட்டடி கடை. ஆறு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும்தான். நான் புருவம், ஃபேஷியல், அவள் மெஹந்தி; என் புருவத்தை மட்டும் அவள்தான் எடுப்பாள். கல்யாணப் பெண்கள் சயானிலிருந்துகூட அவளைத் தேடி வருகிறார்கள். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, மாத்திரை போட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் சாப்பிடப் போவாள். கூடப் பிறந்தவளுக்குக்கூட இந்த அக்கறை கிடையாது. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், தெரிந்துதான் சொல்கிறேன்.

ஜூன் 13

ரசம் இரும்பு மாதிரி இருக்கிறது. கருப்பட்டிக் காப்பியும் அதே. சாப்பிட்டேன். சாப்பிடாமல் மாத்திரை போட முடியாதே.

ஜூன் 26, வியாழன்

நாலாவது டிரிப்.

போன மாதம் பக்கத்து நாற்காலியில் டிரிப் ஏற்றிக்கொண்டிருந்த வானமாமலை அண்ணாச்சி இல்லை. முலுண்டிலிருந்து வருவார், நர்ஸ்களை எல்லாம் கிண்டல் பண்ணுவார். அவர் மனைவி மட்டும் ஏதோ கையெழுத்து வாங்க வந்திருந்தார். "கையெல்லாம் உரிஞ்சிட்டுன்னு மாத்திரைய நிறுத்துனாங்கம்மா. அடுத்த மாசமே போயிட்டாங்க" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு டாக்டர் கூப்பிட்டார். "உள்ளங்கை, பாதம் சிவந்தால், எரிந்தால் உடனே சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு அதிகமானாலும் சொல்லுங்கள். மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம்." மராத்திக்காரர், நிதானமாக ஹிந்தியில் சொல்வார். எனக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை. நிறுத்துவோம் என்பது மட்டும் விழுந்தது.

ஜூலை 8

உள்ளங்கை சிவந்துவிட்டது. மிளகாய் அரைத்த கை மாதிரி எரிகிறது. கடைக்குப் போய் ஒரே ஒரு புருவத்துக்கு நூலைப் பிடித்தேன்; விரலை அறுத்தது. மீதியைச் சாயிரா முடித்தாள்.

சொல்லிவிடலாமா? சொன்னால் நிறுத்துவார்கள். நிறுத்தினால்? வேண்டாம். களிம்பு தடவினால் அடங்கிவிடும்.

ஜூலை 15, செவ்வாய்

அடங்கவில்லை. பாதமும் சேர்ந்துகொண்டது. நாளை மறுநாள் அடுத்த டிரிப். டாக்டர் கையை விரிக்கச் சொல்லிப் பார்ப்பார்.

அன்றைக்குத்தான் ஆடி பிறக்கிறது. ஆடி மாதம் ஊரில் எல்லாப் பெண்களும் மருதாணி வைப்பார்கள். எனக்கு யோசனை வந்தது. இப்போது எழுதும்போதுகூட, கெட்டிக்காரத்தனமான யோசனை என்றுதான் படுகிறது.

சாயிராவிடம் போய்க் கையை நீட்டினேன். விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, இப்டி சிவந்து கெடக்கு?"

"மருந்துச் சூடு. குளிர்ச்சிக்கு மருதாணி வை."

"டாக்டர்ட்ட கேட்டீங்களா?"

"அவங்கதான் வைக்கச் சொன்னாங்க."

வாய் கூசாமல் வந்தது. அவள் கோனை எடுத்து மயில் வரைய ஆரம்பித்தாள். டிசைன் வேண்டாம், இடைவெளி விடாமல் உள்ளங்கை முழுக்க அப்பு, விரலுக்கெல்லாம் தொப்பி வை, பாதத்துக்கும் அப்படியே என்றேன். "அரே, இதுக்கு நான் எதுக்கு? சுவத்துக்கு வெள்ளையடிக்கவன கூப்டுங்க" என்று சிரித்தாள். வைத்தபோது ஜில்லென்று சுகமாகத்தான் இருந்தது.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

டாக்டர் கையைப் பார்த்தார். "பண்டிகையா? அழகாக இருக்கிறது" என்றார். எரிச்சல் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். வயிறு? நன்றாக இருக்கிறது என்றேன். முழு அளவு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஜெயித்துவிட்டு வந்த மாதிரி டாக்சியில் வந்தேன்.

ஜூலை 22

வயிறு நிற்கவே இல்லை. என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. பாவம், நாள் முழுக்க ஒர்க்‌ஷாப்பில் நின்று துணி வெட்டிவிட்டு வருகிறார். மழைக்குத் தண்ணீர் கெட்டுப்போயிருக்கும் என்று செல்வியிடம் சொன்னேன். அவள் அதற்கென்று தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாள்.

ஜூலை 28

ஆஸ்பத்திரி. பேனா பிடிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றுதான் விரல் மடங்குகிறது. மெதுவாக எழுதுகிறேன்.

காய்ச்சலில் விழுந்த என்னை இவர் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். உடம்பில் தண்ணீரே இல்லை, ரத்த அணு அடிமட்டம், வாயெல்லாம் புண். உள்ளங்கைத் தோல் மருதாணி நிறத்தோடு அப்படியே உரிந்து வந்தது. கட்டுப் போட்ட நர்ஸ், "சீக்கில் இருக்கும்போது மெஹந்தி யார் போட்டது?" என்று கேட்டார். இவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் சாயிரா கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். இவர் என் கட்டில் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டார்.

"நீதான போட்ட? சீக்குக்காரிக்கு கண்ட சாயத்தையும் பூசலாமா? ஒம் மெஹந்தி அவ கையவே தின்னுட்டு!"

"அண்ணே, அக்காதான் சொன்னாங்க, டாக்டர்…"

"எந்த டாக்டர் சொன்னாரு? கூப்பிடட்டுமா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. எங்கள் சந்திலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த இரண்டு பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாயிரா என்னைப் பார்த்தாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தூங்குகிற மாதிரி. அவ்வளவுதான் செய்தேன். வாயில் புண், பேச முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். தலையை ஆட்ட வாய் எதுக்குடி? அவள் தூக்குவாளியை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. அப்பவும் தொறக்கல. ஏன் தொறக்கல? பயம். பொய் சொன்னேன்னு தெரிஞ்சா டாக்டர் கை கழுவிருவாங்கன்னு பயம், இவர் என்ன சொல்லுவாரோன்னு பயம். எல்லாப் பயத்துக்கும் அவளக் குடுத்துட்டேன்.

ஆகஸ்ட் 7

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முன்பே சொல்லியிருந்தால் ஒரு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டு அளவைக் குறைத்திருப்பேன். அவ்வளவுதான். குறைத்தாலும் மருந்து வேலை செய்யும். நிறைய பேருக்குக் குறைக்கிறோம்."

அண்ணாச்சியைப் பற்றிக் கேட்டேன். ஒருவருடைய நோயை வைத்து இன்னொருவருடையதைக் கணக்குப் போடக்கூடாது என்றார்.

ஒரு வாரம் ஓய்வு. இவ்வளவுக்குத்தானா?

ஆகஸ்ட் 14, வியாழன்

வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. இன்றுதான் இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" என்றார். தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "அந்தப் புள்ளைய என்ன பேச்சு பேசிட்டேன்" என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இவர் சாயிரா வீட்டுக்குப் போனார். அவள் அம்மா வாசலில் வைத்தே பேசி அனுப்பிவிட்டார்களாம். சாயிராவின் மெஹந்தியில் கெமிக்கல், கேன்சர்காரி கை உரிந்துவிட்டது என்று சந்து முழுக்கப் பேச்சு. முன்பணம் கொடுத்திருந்த கல்யாண வீட்டார் வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் செம்பூரில் ஒரு பார்லரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

"நீங்க வந்தத சொல்லுதேன். அவ கேப்பாளான்னு தெரியல" என்று கதவைச் சாத்தினார்களாம்.

எத்தனையோ முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. மெசேஜும் போட்டேன். நீல டிக் விழுந்தது.

ஆகஸ்ட் 21

மருந்து மறுபடி ஆரம்பம், குறைந்த அளவில். டாக்டர் என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எதையும் மறைக்கவில்லை. கால் விரலில் சின்ன எரிச்சல் என்றுகூடச் சொன்னேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வாரத்தில் மூன்று நாள் கடை திறக்கிறேன். பருத்தி சாக்ஸ், மெத்தென்ற செருப்பு, நாற்காலியில் உட்கார்ந்தபடி முடி வெட்டுவது மட்டும். புருவத்துக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. மருந்து ஒத்துக்கொள்கிறது. இரவில் தயிர்சாதம் இறங்குகிறது. செல்வி தன் கணக்குப் பரீட்சைப் பயத்தை எல்லாம் என்னிடம் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். நோயாளி என்கிற மரியாதை போய்விட்டது, நல்லது.

வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: சாயிரா மேல் தப்பில்லை, கையை உரித்தது மருந்து, பொய் சொன்னது நான். இன்று முருகம்மாள் அக்கா, அன்று வார்டில் நின்று கேட்டவர்தான், என் கன்னத்தைத் தடவினார்.

"ஒனக்கு எவ்ளோ பெரிய மனசு. இவ்வளவு செஞ்சவளையும் விட்டுக் குடுக்காம பேசுத பாரு."

இல்லக்கா, நெஜமாவே நாந்தான் என்றேன். அவர் இன்னும் பிரியமாகச் சிரித்தார். ஒருத்தரும் நம்பவில்லை. சொல்லச் சொல்ல நான் நல்லவளாகிக்கொண்டே போகிறேன். வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 15

கடைசி மாத்திரை. இவர் அல்வா வாங்கி வந்தார். இனிப்பு இனிப்பாகவே இருந்தது.

நவம்பர் 20, வியாழன்

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டர் இரண்டு முறை சொன்னார். இவர் வெளியே போய் ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து நின்று அழுதார். செல்வி "யெஸ்!" என்று கத்தியது போனில் காதை அடைத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சாயிராவிடம் சொல்ல வேண்டும். நேரில்.

நவம்பர் 23, ஞாயிறு

செம்பூர் போனேன். ஏசி பார்லர், வரிசையாக நாற்காலிகள். சாயிரா கறுப்பு யூனிஃபார்மில் நின்றாள். என்னைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியைத் திருப்பினாள். பிறகு, "வாங்க மேடம். ஐப்ரோவா?" என்றாள்.

ஆமாம் என்று உட்கார்ந்தேன்.

"தோலை இழுத்துப் பிடிச்சுக்குங்க."

இரண்டு விரலால் நெற்றியை மேலே இழுத்துப் பிடித்துக் கண்ணை மூடினேன். நூல் ஓட ஆரம்பித்தது. கண்ணை மூடியிருந்ததால்தான் சொல்ல முடிந்தது.

"சாயிரா, டாக்டர் ஒண்ணும் சொல்லல. நான்தான் பொய் சொன்னேன். அன்னைக்கு ஆஸ்பத்திரில… நான் தூங்கல."

நூல் நின்றது.

"தெரியும்" என்றாள். "ஆறு வருஷமா உங்க மூடுன கண்ணுக்கு மேலதான வேல பாத்தேன். தூங்குற கண்ணு எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அப்பவே தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. மன்னிச்சுருடி என்றேன். பக்கத்து நாற்காலியில் ட்ரையர் ஓடிக்கொண்டிருந்தது, கேட்டதோ இல்லையோ. "ஆடாதீங்க, நூல் பட்டுரும்" என்றாள். அடுத்த புருவத்தையும் முடித்தாள். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். நூல் போடும்போது எல்லோருக்கும் வருவதுதான். கண்ணாடியைக் காட்டினாள். அவளைப் போல இரண்டு பக்கமும் ஒரே சீராக எனக்குக்கூட எடுக்க வராது.

"சரியா இருக்கா மேடம்?"

"இருக்கு."

"பில் கவுண்டர்ல குடுத்துருங்க" என்று அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, ஸ்கேன் நல்லபடியாக வந்ததை அவளிடம் சொல்லவே இல்லை. அவளும் கேட்கவில்லை.