சிங்கவால் குரங்கின் சாக்கு

மெட்ராஸ்,
மார்கழி, 1986

அன்புள்ள மனைவி பாத்திமா மேரிக்கு,

மாதா தயவில் நான் சுகம். வரதராஜன்பேட்டையில் நீயும் அம்மாவும் சுகம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

எங்கள் மிருகக்காட்சி சாலைச் சிங்கவால் குரங்குக்கு வெளியூரிலிருந்து பெண் எடுத்திருக்கிறார்கள். இனமே அழிகிறதாம், குட்டி வேண்டுமாம். காட்டை வெட்டித் தேயிலை போட்டவர்களுக்கு இப்போதுதான் கவலை வந்திருக்கிறது. "வாசம் பழகணும் அடைக்கலசாமி. அது படுத்த சாக்கை இதுக்குப் போடு, இது படுத்ததை அதுக்குப் போடு. துவைச்சுடாதே" என்றார் ஆபீசர். அத்தனை படிப்பும் மூத்திரச் சாக்கில் வந்து நிற்கிறது.

சாக்கை உருவும்போது ஆண் குரங்கு என் விரலைக் கடித்துவிட்டது. லேசான காயம்தான், பயப்படாதே. ஓடி வந்த ஆபீசர், "பல்லு ஒண்ணும் ஆடலையே?" என்று குரங்கின் வாயைத்தான் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கைதட்டியது. கூண்டு யாருக்குப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே பனி தாங்கவில்லை. போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றைச் சவரியார் மாமா வரும்போது கொடுத்தனுப்பு. நீ கட்டி அவிழ்த்ததாக இருக்கட்டும்.

ஆபீசர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். சேலையைத் துவைத்துவிடாதே.

அடைக்கலசாமி